குரல் பழுக்கும் ஊர்கள்

பல்கேரியாவிலிருந்து இத்தனை பெரிய குரல்கள் எப்படி வந்தன என்று கேட்டால், ஓபரா ரசிகர்கள் ரொதோப்பே மலையைக் காட்டுவார்கள். மலைக்காற்று, மேய்ப்பர் பாட்டு, தலைமுறை தலைமுறையாக வந்த நெஞ்சுரம் என்று அடுக்குவார்கள். ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில், ஒரு நகரத் தியேட்டரின் எக்ஸ்ட்ரா கோரில் பாஸ் வரிசையில் நின்று பாடுகிறவன் நான். எனக்கு இந்தப் பதில் போதாது. மலையும் காற்றும் ஒருவருக்குக் குரலைக் கொடுக்கலாம். அந்தக் குரலுக்குரியவர் பாடகராவதற்கு நல்ல ஆசிரியர் வேண்டும், வயதுக்கேற்ற வேடம் வேண்டும், அவசரப்படுத்தாத ஒரு மேடை வேண்டும். பல்கேரியர் பலருக்கு அந்த மேடை ஜேர்மனியில் கிடைத்தது. அதுவும், ஜேர்மன்காரரே வரைபடத்தில் தேடிப்பார்க்க வேண்டிய ஊர்களில்.

எக்ஸ்ட்ரா கோர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஓபரா போடும் நகரத் தியேட்டர்களில் சம்பளத்துக்குப் பாடும் நிரந்தரக் கோரஸ் இருக்கும். வாக்னர், வெர்டி, முசோர்க்ஸ்கி என்று பெரிய கூட்டம் தேவைப்படும் படைப்புகளுக்கு வெளியிலிருந்து எங்களைப் போன்றவர்களையும் கூப்பிடுவார்கள். பகலில் ஒருவர் தபால் கொடுப்பார், இன்னொருவர் பள்ளியில் கணக்குப் படிப்பிப்பார். பின்னேரம் எல்லோரும் யாத்திரிகர்கள், அல்லது எபிரேய அடிமைகள். தனிப்பாடகருக்கு மூன்று நான்கு மீற்றர் பின்னால் நின்று ஒரே குரலை ஒரு பருவம் முழுக்கக் கேட்கும் பாக்கியம் டிக்கெட் வாங்கி வருகிறவருக்குக் கிடைக்காது. ஒத்திகையில் குரலைச் சேமித்துப் பாடுவதையும், தடிமனோடு வந்தவர் எந்த ஸ்வரத்தில் எப்படி ஒதுங்கி முடிக்கிறார் என்பதையும், ஏதோ ஓர் இரவில் காரணமே தெரியாமல் எல்லாம் திறந்துகொள்வதையும் நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறோம்.

எனக்குக் குரல் சொல்லித் தந்தவரும் ஒரு பல்கேரியர். கிழக்கு ஜேர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் அங்கே வந்து, கோரஸில் பாடியே ஓய்வு பெற்றவர். ஊரில் கூப்பிடுகிற பழக்கத்தில் அவரை நான் மாஸ்டர் என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்தில் சிறு வயதில் கர்நாடக சங்கீதம் பழகிய தொண்டை என்னுடையது. அதில் எது உதவும், எது உதவாது என்பதை அவர் முதல் வகுப்பிலேயே பிரித்துவிட்டார். சுருதி சுத்தம், அதைத் தொடவேண்டாம். மந்திர ஸ்தாயியில் மூச்சு நிற்கிறது, அது பெரிய சொத்து. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்துக்கொண்டே போகிறாய், அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்றார்.

ஓபராவில் மைக் கிடையாது. கீழே குழியில் அறுபது, எழுபது வாத்தியங்கள் ஒலிக்கும்போது ஒரு மனிதக் குரல் கடைசி வரிசைவரை போகவேண்டும். சத்தமாகக் கத்தினால் போகாது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி 1970-களில் இதை அளந்து காட்டினார். ஆர்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சமாக இருந்து, மேலே போகப்போகக் குறைகிறது. பயின்ற ஆண் குரல் 2500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் தன் ஓசைகளைத் திரட்டிவைத்துக் கொள்கிறது. வாத்தியங்கள் அவ்வளவாக ஆளாத அந்த இடைவெளி வழியாகத்தான் பாட்டு வெளியே வருகிறது. எங்கள் நாடக மேடையிலும் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே கொட்டகையை நிறைத்தவர்கள். அவர்கள் கொழும்பில் பாடியதைக் கேட்டவர்கள் சொன்ன கதைகளை என் பாட்டனார் வாயால் கேட்டிருக்கிறேன். மாஸ்டரின் வகுப்பில் நெற்றிக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே அந்தக் கூர்மையான ரீங்காரம் முதல்முறை எழுந்தபோது, பாட்டனார் எதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது விளங்கியது.

ஆண் குரலில் மிகச் சிக்கலான இடம் கீழ் ஸ்தாயியும் இல்லை, உச்சியும் இல்லை. நடுவில், நெஞ்சுக்குரல் மேலே ஏறி வேறொன்றாக மாறும் கணவாய். அங்கே வாயை அகலத் திறந்து ‘ஆ’ என்று பாடினால் ஓசை வெள்ளையாகிக் கிழியும். உயிரொலியைச் சற்று மூடி, இருட்டாக்கித் தாண்டவேண்டும். பல்கேரிய மொழியில் இதழ் குவியாமல் உள்ளே பிறக்கும் ஓர் உயிரொலி இருக்கிறது. அவர்கள் நாட்டின் பெயரிலேயே, ‘பல்’ என்று நாங்கள் சொல்லும் இடத்தில், அதுதான் ஒலிக்கிறது. அதைத்தான் மாஸ்டர் என்னைப் பழகச் சொன்னார். எனக்கு அது புதிதாகப் படவில்லை. ‘பாட்டு’, ‘காற்று’ என்று சொல்லும்போது கடைசியில் இதழ் குவியாமல் நழுவும் குற்றியலுகரத்துக்கு அது பக்கத்து வீடு. ‘ஆ’வுக்குள் கொஞ்சம் குற்றியலுகரத்தைக் கலந்துகொண்டு கணவாயில் ஏறினேன், தொண்டை நெரியாமல் தாண்டியது. இத்தாலிய மாணவர்கள் இதை வெளியிலிருந்து கற்கவேண்டும். பல்கேரியருக்கும் எங்களுக்கும் தாய்ப்பாலோடு வந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். மலைக்காற்றைவிட இந்த ஓர் உயிரொலி அதிகம் உதவியிருக்கும்.

அடுத்தது ஆசிரியர்கள். சோஃபியாவில் கிறிஸ்தோ பிரம்பரோவ் என்றொருவர் இருந்தார். தானும் பாரிட்டோனாகப் பாடியவர். நிக்கொலாய் கியாவுரோவ், நிக்கொலா கியுசெலெவ், கெனா திமித்ரோவா மூவரும் அவரிடம் படித்தவர்கள். ஒரே வகுப்பறையிலிருந்து இரண்டு பாஸ்களும் ஒரு பெரும் சொப்ரானோவும் உலக மேடைக்குப் போனால் அதற்கு மலை காரணமாக முடியாது. மூச்சின் மேல் குரலை இருத்தி, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விளிம்பு தெரியாமல் கொண்டுபோகும் பழைய இத்தாலியப் பயிற்சி அங்கே ஒழுங்காக நடந்தது. இன்னொரு பக்கம் கோயில். ஓர்தொடொக்ஸ் வழிபாட்டில் வாத்தியமே கிடையாது. மனிதக் குரல் மட்டும்தான். ஆர்கன் தாங்கவேண்டிய அடித்தளத்தை அங்கே பாஸ்கள் தாங்குகிறார்கள். 1914-ல் ப்ளோவ்தீவில் பிறந்த பொரிஸ் கிறிஸ்தோஃப் சட்டம் படித்துக்கொண்டே சோஃபியாவின் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயத்திலும் ‘குஸ்லா’ ஆண்கள் கோரஸிலும் பாடியவர். குஸ்லாவில் அவரைக் கேட்டுத்தான் மன்னர் மூன்றாம் பொரிஸ் 1942-ல் இத்தாலிக்கு அனுப்பிவைத்தார்.

கிறிஸ்தோஃப் பாடிய முசோர்க்ஸ்கியின் ‘பொரிஸ் கொதுனோவ்’ இசைத்தட்டு 1952-ல் ஒன்று, 1962-ல் ஒன்று என இரண்டு முறை வந்தது. இரண்டிலும் ஜார், வரலாறு எழுதும் முதிய துறவி பீமென், குடிகாரன் வர்லாம் ஆகிய மூன்று பாஸ் வேடங்களையும் அவரே பாடினார். ஜாரின் மரணக் காட்சியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால் பீமென்தான். எழுதுகோல் நகரும் வேகத்துக்கு அளவாக, கிட்டத்தட்ட ஒரே நிறத்தில், மெல்லப் பாடுகிறார். ஆனால் ஒரு சொல்லும் மூச்சிலிருந்து இறங்கவில்லை. பாஸ் பழகுகிறவன் அந்தக் காட்சியைக் கேட்கவேண்டும், ஆனால் அதைப் போலப் பாட முயலக்கூடாது. மாஸ்டர் இதில் கண்டிப்பாக இருந்தார். கிறிஸ்தோஃபின் இருண்ட நிறத்தைப் பிரதி எடுக்கப் போகிற இளைஞர்கள் குரல்வளையைக் கீழே அழுத்தி அழுத்தி, சில வருடங்களில் மேல் ஸ்வரங்களை இழந்துவிடுவார்கள். கியாவுரோவின் குரல் இன்னும் அகலம், இன்னும் வழவழப்பு. 1965-ல் சால்ஸ்பூர்க்கில் நடத்துநர் கராயனோடு அவரும் கொதுனோவ் பாடினார். அவரையும் பிரதி எடுக்க முடியாது. இருவரிடமும் எடுத்துக்கொள்ளக்கூடியது, ஸ்வரத்துக்கு ஸ்வரம் விளிம்பு தெரியாத அந்த இழுவைதான்.

இனி ஜேர்மனிக்கு வருகிறேன். 1961-ல் பேர்லின் சுவர் எழுந்தது. அதுவரை மேற்கிலிருந்து வந்து கிழக்கில் பாடிக்கொண்டிருந்தவர்கள் வரமுடியாமல் போயிற்று. கிழக்கு ஜேர்மனியிலோ பெரிய நகரம் என்றில்லாமல் நடுத்தர ஊர்களிலும் ஓபரா மேடை இருந்தது. அந்த மேடைகளுக்குச் சோவியத் அணி நாடுகளிலிருந்து பாடகர்கள் வந்தார்கள். பல்கேரியர் அவர்களில் முக்கியமானவர்கள். பெரும்பாலும் எல்லாவற்றையும் ஜேர்மன் மொழியிலேயே பாடவேண்டியிருந்தது. வெர்டிக்கும் அதே விதி. இத்தாலிய இழுவையோடு வந்த ஒருவர் ஜேர்மனின் மெய்யெழுத்துக் கூட்டங்களுக்குள் நடக்கப் பழகினார். கோரஸில் எங்களுக்கு இன்றும் சொல்லப்படும் பாடம் அதுதான். மெய் தாளத்துக்கு முன்னால் முடியவேண்டும், உயிர் தாளத்தின் மேல் விழவேண்டும். மெய்யைத் தாளத்தில் போட்டால் கூட்டம் முழுவதும் பிந்தும்.

டெனோர் ஸ்பாஸ் வென்கோஃபை நான் இந்த வரலாற்றின் நடுவில் வைப்பேன். 1928-ல் வெலிக்கோ தர்னோவோவில் பிறந்தவர். சட்டம் படித்தவர், வயலின் வாசித்தவர். பல்கேரிய மாகாண மேடைகளில் பாடிவிட்டு, 1960-களின் நடுவில், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, சக்சனியிலுள்ள டேபெல்ன் என்ற சின்ன ஊருக்கு வந்தார். பிறகு மாக்டெபுர்க். பிறகு ஹாலே. ஒவ்வொரு ஊரிலும் சில வருடங்கள், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பாரமான வேடங்கள். அதன் பின்தான் கிழக்கு பேர்லின் அரசு ஓபராவும் வாக்னரின் ‘திரிஸ்தானும்’. 1976-ல் பைரொய்த் வாக்னர் விழாவில் கார்லோஸ் கிளைபரின் தலைமையில் திரிஸ்தானாக நின்றபோது அவருக்கு வயது 47. வைக்கோலுக்குள் வைத்த கறுத்தக்கொழும்பானை இரண்டாம் நாளே எடுத்து அழுத்திப் பார்க்காத வீட்டில்தான் மாம்பழம் ஒழுங்காகப் பழுக்கும். டேபெல்னும் ஹாலேயும் அப்படிப்பட்ட வீடுகள். அங்கே விமர்சகர்கள் கூட்டம் இல்லை. ஆனால் வாரம் தவறாமல் மேடை இருந்தது, வேடம் பழக்கும் கொரெபெட்டிட்டர் பியானோவில் இருந்தார், ஊர்ச்சனம் வந்து உட்கார்ந்தது.

1978-ல் பைரொய்த்தில் கோட்ஸ் ஃபிரீட்ரிக் இயக்கிய ‘தான்ஹாய்சர்’ முழுமையாகப் படம் பிடிக்கப்பட்டது. கொலின் டேவிஸ் நடத்துகிறார், வீனஸ், எலிசபெத் இரண்டு வேடங்களையும் க்வினெத் ஜோன்ஸ் பாடுகிறார், தான்ஹாய்சர் வென்கோஃப். இது எவ்வளவு கொடுமையான வேடம் என்பது மேடையின் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும். முதல் அங்கத்தில் வீனஸைப் புகழும் பாட்டு மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சுருதி அரை ஸ்வரம் மேலே போகிறது. அதைச் செலவழித்து முடித்தவர் மூன்று மணி நேரம் கழித்து, மூன்றாம் அங்கத்தின் ரோம் யாத்திரைக் கதையைச் சொல்லவேண்டும். களைத்து விழுந்த மனிதனின் கதை அது, ஆனால் பாடுகிறவன் களைத்திருந்தால் எடுபடாது.

எங்கள் தியேட்டரில் ‘தான்ஹாய்சர்’ போனபோது நாங்கள் யாத்திரிகர்கள். மூன்றாம் அங்கத்தில் யாத்திரிகர் கோரஸ் வாத்தியம் இல்லாமல் தொடங்குகிறது. கோரஸ் தூரத்திலிருந்து நடந்துகொண்டே பாடும்போது சுருதி இறங்கும். ஒவ்வொருவரும் ஒரு மயிரிழை இறங்கினாலே போதும், ஆர்கெஸ்ட்ரா சேரும் இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். தம்பூராவோடு வளர்ந்த காதுக்கு இது மிகப் பெரிய சோதனை, காரணம் இங்கே தம்பூராவை மனதுக்குள் மீட்டிக்கொண்டே நடக்கவேண்டும். நான் மூக்கடியில் ஆதார ஸ்ருதியை முணுமுணுத்துக்கொண்டு பக்கவாட்டில் காத்து நிற்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னிடமிருந்து ஸ்வரத்தை எடுத்துக்கொள்வார்கள். பாடி முடித்து வெளியே வந்ததும் யாரும் உடை மாற்றும் அறைக்குப் போவதில்லை. திரும்ப உள்ளே போகும்வரை சுவரிலுள்ள ஒலிபெருக்கியில் ரோம் கதை ஓடும். மாஸ்டர் ஒருமுறை ஒத்திகைக்கு வந்திருந்தபோது அதைக் கேட்டுவிட்டு, வென்கோஃப் இந்த இடத்தில் கோபத்தைக் குரலில் போடமாட்டார், சொல்லில் போடுவார் என்றார். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். பாப்பரசர் சபிக்கும் வரியில் ஓசை பெருக்கவில்லை, மெய்யெழுத்துகள் மட்டும் கல்லாகின்றன. உயிரெழுத்து முழுவதும் முதல் அங்கத்தில் இருந்த அதே வட்டத்தில் இருக்கிறது. இருபது வருட மாகாண மேடை அந்த வட்டத்துக்குள் இருக்கிறது.

எல்லோரும் மெதுவாகத்தான் வந்தார்கள் என்று சொன்னால் அது உண்மையில்லை. 1967-ஐப் பாருங்கள். அன்னா தோமொவா-சின்தொவ், ஸ்தாரா ஸகோராவில் 1941-ல் பிறந்தவர். கெனா திமித்ரோவாவும் 1941-ல் பிறந்தவர்தான், ப்ளேவென் அருகே ஒரு கிராமத்தில். அதே 1967-ல் ஒருவர் லைப்ஸிக்கிலும் மற்றவர் சோஃபியாவிலும் ஒரே வேடத்தில் அறிமுகமானார்கள். வெர்டியின் ‘நபுக்கோ’வில் அபிகாயில். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்காரியிடம் எந்த ஆசிரியரும் கொடுக்க அஞ்சும் வேடம் அது. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் உச்ச ஸட்ஜத்திலிருந்து இரண்டு ஸ்தாயி கீழே ஒரே பாய்ச்சலில் குதிக்கவேண்டும். 1842-ல் மிலானில் முதல்முதல் அதைப் பாடிய ஜுசெப்பினா ஸ்த்ரெப்போனி, பிற்காலத்தில் வெர்டியின் மனைவியானவர், அப்போதே குரல் சேதப்பட்ட நிலையில் இருந்தார்.

இருவரும் தப்பினார்கள், வேறு வேறு வழியில். திமித்ரோவாவின் குரல் அந்த வேடத்துக்கென்றே வார்த்த குரல். அபிகாயிலையும் ‘துராந்தோ’வையும் கடைசிவரை தன் சொத்தாக வைத்திருந்தார். 1982-ல் மேற்கு பேர்லினில் டொய்ச்ச ஓபரின் கோரஸையும் ஆர்கெஸ்ட்ராவையும் வைத்து ஜுசெப்பே சினோப்போலி பதிவு செய்த ‘நபுக்கோ’வில் அபிகாயில் அவரே. அந்தப் பாய்ச்சலில் மேலேயும் கீழேயும் ஒரே பெண் இருக்கிறாள், இரண்டு குரல் கேட்கவில்லை. தோமொவா-சின்தொவ் வேறு பக்கம் திரும்பினார். 1972-ல் லைப்ஸிக்கை விட்டு கிழக்கு பேர்லின் அரசு ஓபராவுக்குப் போனார். 1973-ல் சால்ஸ்பூர்க்கில் கராயன் நடத்திய கார்ல் ஓர்ஃபின் புதிய படைப்பில் பாடினார். அதிலிருந்து பல வருடம் மொட்சார்ட்டின் சீமாட்டி, டொன்னா அன்னா, ஸ்ட்ராவுஸின் மார்ஷலின், பிராம்ஸின் ரெக்வியெம் என்று கராயனின் இசைத்தட்டுகளில் அவர் குரல்தான். அபிகாயிலில் தொடங்கிய ஒருவர் மொட்சார்ட்டுக்கு வந்தது பின்வாங்கல் இல்லை. தன் குரல் எங்கே அழகாக இருக்கிறது என்று கேட்டறிந்து அங்கே குடியேறுவதற்கு இளம் வயதில் பெரிய துணிச்சல் வேண்டும். லைப்ஸிக்கில் சம்பளமும் பலவகை வேடங்களும் இருந்ததால்தான் அவருக்கு அதைக் கேட்டறிய நேரம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

பல்கேரிய சொப்ரானோ லூபா வெலிச்சைச் சொல்லாமல் விடமுடியாது. 1941 முதல் ஹம்பேர்க், 1943 முதல் மியூனிக் என்று போர்க்காலத்தில் ஜேர்மன் மேடைகளில் பாடியவர். 1944-ல் ரிச்சார்ட் ஸ்ட்ராவுஸின் 80-வது பிறந்தநாளுக்கு வியன்னாவில் ‘சலோமே’ பாடுவதற்கு ஸ்ட்ராவுஸே அவரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். 1949-ல் நியூயோர்க் மெட்ரொபொலிட்டனில் அதே வேடம், அரங்கமே எழுந்தது. ஆனால் 1950-களின் நடுப்பகுதிக்குள் அந்த வெள்ளி இழை போன்ற குரல் தேய்ந்துவிட்டது. அவருடைய பதிவுகள் எனக்குக் கண்ணீர் வரவழைப்பவை. ஆனாலும் மாணவர் ஒருவரிடம் முதலில் வென்கோஃபைக் கொடுப்பேன், பிறகு வெலிச்சை.

ஜேர்மனியில் இன்றும் 80-க்கு மேற்பட்ட ஓபரா மேடைகள் பொதுப்பணத்தில் நடக்கின்றன. உலகில் வேறெங்கும் இப்படி இல்லை. ஆனாலும் தனிப்பாடகர்களின் ஒப்பந்தம் வழக்கமாக வருடக் கணக்கில்தான். ஒரே தியேட்டரில் பதினைந்து வருடத்தைத் தாண்டினால் ஒப்பந்தத்தை நீட்டாமல் விடமுடியாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. அதனாலேயே அந்த எல்லை நெருங்கும்போது கடிதம் கொடுத்து அனுப்பப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கோரஸில் நின்று அப்படிப் போகிறவர்களுக்கு மேடையில் பூங்கொத்துக் கொடுத்திருக்கிறேன். இளம் பாடகர்களும் இப்போது டேபெல்ன் வழியாக வருவதில்லை, போட்டி வழியாக வருகிறார்கள். பல்கேரியப் பாடகி வெசெலினா கசரோவா 1989-ல் கியூட்டர்ஸ்லோ நகரின் ‘நொய ஷ்டிம்மன்’ போட்டியில் முதற்பரிசு பெற்று, அதே வருடம் சூரிக் ஓபராவில் சேர்ந்தார். அவருடைய மொட்சார்ட்டும் ரொஸ்ஸினியும் எனக்கு உயிர். ஆனால் போட்டி ஒரு பின்னேரத்தில் குரலைக் கண்டுபிடிக்கும். வளர்ப்பதற்கு அதன் பிறகும் ஒரு தியேட்டர் வேண்டும். சூரிக் அவருக்கு அதைக் கொடுத்தது.

பல்கேரிய ஓபரா என்றால் பாடகர்கள் மட்டுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாஞ்சோ விளாடிகெரோவ் பேர்லினில் படித்து, 1932 வரை மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் தியேட்டரில் இசையமைத்தவர். ஊருக்குத் திரும்பி 1936-ல் ‘ஜார் கலோயன்’ ஓபராவைத் தந்தார். அதை நான் இங்கே மேடையில் பார்த்ததில்லை. ஒரு ஜேர்மன் தியேட்டர் எடுத்தால் கோரஸில் எந்த வரிசையில் என்றாலும் வந்து நிற்பேன்.

2010 முதல் 2013 வரை, ஆண்டுக்கு ஒன்றாக, சோஃபியா ஓபரா பிளாமென் கர்தாலோஃபின் இயக்கத்தில் வாக்னரின் ‘ரிங்’ நான்கையும் தன் சொந்தப் பாடகர்களைக் கொண்டே மேடையேற்றியது. அவர்களில் வாக்னரை அதற்கு முன் பாடியிராதவர்கள் நிறையப் பேர். ஜேர்மனியிலிருந்து பயிற்சியாளர் போய் அவர்களோடு இருந்து சொல் சொல்லாகப் பழக்கினார். 2015-ல் அந்த ரிங்கை பவேரியாவின் ஃப்யூசென் நகரில், வாக்னரின் புரவலரான லூட்விக் மன்னர் கட்டிய நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகைக்கு எதிரேயுள்ள விழா அரங்கில் வந்து பாடினார்கள். அந்தக் குழுவின் பாஸ்களைக் கேட்க விரும்புகிறவர்கள் ‘ரிங்’கின் முதல் பாகமான ‘ரைன்கோல்ட்’டின் இரண்டு அரக்கர்களிலிருந்து தொடங்கலாம். பாஸோல்ட், பஃப்னர் இரண்டும் பாஸ் வேடங்கள். காதலுக்கு ஏங்கும் பாஸோல்ட்டுக்கு இத்தாலிய இழுவை வேண்டும், பொன்னுக்கு ஏங்கும் பஃப்னருக்கு மெய்யெழுத்து வேண்டும்.